உடனிருப்பவரின் எண்

மதியம் இரண்டரை மணிக்கு, மருத்துவமனையின் பின்வாசலில் காவலாளி நீட்டிய பதிவேட்டில் அவன் தன் வருகையை எழுதினான். பெயர், போன் நம்பர், யாரைப் பார்க்க வந்திருக்கிறார், வந்த நேரம் என்று வரிசையாக எழுதிவிட்டு உள்ளே நகரப் பார்த்தவனைக் காவலாளி விடவில்லை.

"சார், எத்தனை பேருன்னு எழுதலையே."

"ஒரு ஆளுதானே நிக்கிறேன். பாத்தா தெரியல?"

"எனக்குத் தெரியுது சார். நோட்டுக்குத் தெரியணும்ல? கட்டத்தைக் காலியா விட்டா என்னைத்தான் பிடிப்பாங்க."

அவன் திரும்பி வந்து '1' என்று போட்டான். வேறொரு நாளாக இருந்தால் இந்தக் காவலாளியை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருக்கும். இருவருக்கும் ஒரே தொழில்தான். காவலாளி நோட்டில் செய்வதை அவன் கம்ப்யூட்டரில் செய்கிறான், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் அவனுக்கு ஸ்டார் என்று பெயர். அழகுக்கு வந்த பெயர் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இணையத்தில் விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது, கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரக் குறி இருக்குமே, அதை வாரி இறைத்து வாங்கிய பெயர் அது. 'அவன்கிட்ட டீ கேட்டாக்கூட சர்க்கரை எத்தனை ஸ்பூன்னு நிரப்பாம தர மாட்டான்' என்பது கூட வேலை செய்கிறவர்களின் கேலி. அவனும் அந்தக் கேலியில் கொஞ்சம் குளிர்காய்ந்தவன்தான். தப்பான தகவல் ஒன்றுகூடத் தன் படிவத்தைத் தாண்டி உள்ளே போகாது என்று மார்தட்டிக்கொள்வான்.

இந்த மருத்துவமனைக்கும் அவன்தான் படிவம் எழுதிக் கொடுத்திருந்தான். மூச்சு விடச் சிரமப்படும் நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே ஆக்சிஜன் சிலிண்டர் கேட்டு விண்ணப்பிக்கும் படிவம்.

இன்று அந்தப் படிவத்தைப் பற்றி ஒரு அறிக்கை போட வந்திருக்கிறான். நான்கு மணிக்குள் போட்டுவிட்டால் விவகாரம் முடிந்தது. போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தான்.

ஆனால் வராந்தாவில் போன் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு வருடமாக அந்த மருத்துவமனையின் தொலைபேசி மேசையில் இருந்தவள். மூன்று மாதமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"வாங்க தம்பி. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுக்கா."

"என்னையும் நாலு மணிக்கு வரச் சொன்னாங்க. முன்னாடியே வந்துட்டேன். தப்பு என்னுதுதான்னு எழுதிக் கையெழுத்து வாங்கிக்குவாங்களாம். அப்புறம் வேலை இல்ல." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன் தம்பி. அன்னைக்குச் செத்துப்போன அந்த அம்மாகிட்ட இருந்து போன் வந்த மாதிரி ஞாபகமே இல்ல. ஆனா படிவத்துல எதுவும் வரலைன்னு நீங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லிட்டீங்க. அப்ப அவங்க போன்தானே பண்ணிருக்கணும்? நான்தான் எடுக்காம விட்டிருப்பேன் போல. பாவி."

கடைசி வார்த்தையை அவள் தனக்குத்தான் சொல்லிக்கொண்டாள். அவனுக்குக் காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு, போன் வந்ததுபோல் பாசாங்கு செய்து, உள்ளே போய்விட்டான்.

அறிக்கை எழுத அவனுக்கு ஒதுக்கியிருந்தது மூச்சுப் பிரிவின் பழைய வார்டு. கட்டில்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். கட்டில் நின்ற இடங்கள் மட்டும் தரையில் வெளிறித் தெரிந்தன. ஜன்னல் கண்ணாடிகளுக்கு யாரோ எப்போதோ பச்சை வண்ணம் பூசியிருந்ததால் வெளியே கொளுத்தும் வெயில் உள்ளே கலங்கலாக இறங்கியது. கடைசியில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். அதற்கு மேலே சுவரில், ஆக்சிஜன் ஈரமாகிப் போவதற்காகத் தண்ணீர் ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குப்பி ஒன்று, கழற்ற மறந்துபோய் அப்படியே மாட்டியிருந்தது.

மருத்துவமனையை நடத்தும் டாக்டரம்மா அவனை உட்கார வைத்தாள். வேகமாகப் பேசுகிறவள்.

"படிவத்துல எந்தக் கோளாறும் இல்ல, அந்த அம்மாகிட்ட இருந்து விண்ணப்பமே வரலன்னு ரெண்டு வரி. கீழ உங்க நம்பர். அவ்வளவுதான். அப்புறம் ஒண்ணு, இந்த மெஷினைக் கொஞ்சம் பாருங்களேன். ஒரு வாரமா ஆக்சிஜன் படிவம் தானாத் திறக்குது. தானா எழுதுது. நர்ஸுங்க யாரும் இந்தப் பக்கமே வர மாட்டேங்கிறாங்க."

"வைரஸா இருக்கும் மேடம்."

"எதுவோ. நாலு மணிக்குள்ள முடிச்சிடுங்க."

அவள் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைந்தது. அவன் அறிக்கைப் பக்கத்தைத் திறந்தான். 'படிவத்தில் எந்தக் கோளாறும்' என்று அடித்தான்.

அப்போது ஒரு வாசனை வந்தது. மருந்து வாசனை இல்லை. தையல் மிஷினுக்கு விடும் எண்ணெயும், கஞ்சி போகாத புதுத்துணியும் கலந்த வாசனை.

அவன் கை நின்றுவிட்டது. செத்துப்போனவள் ஒரு தையற்காரி என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு கடைக்கு மேலே, ஒற்றை அறையில், தனியாக இருந்தவள். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. மாலையில் கடைக்காரர் மாடிக்குப் போய்ப் பார்த்தபோது, மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே போயிருந்தாள்.

திரையில் அறிக்கைப் பக்கம் விலகியது. ஆக்சிஜன் படிவம் தானாக விரிந்தது.

பெயர்க் கட்டத்தில் எழுத்துகள் விழுந்தன.

நான்கு எழுத்து. ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று எழுத்து. ஒரு நிறுத்தம்.

மூச்சு வாங்கி வாங்கி எழுதுகிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான். பெயர் முழுதானது. வயது, அறுபத்தொன்று. முகவரி, கடைக்கு மேலே. நோயாளியின் போன் எண், கடைசி மூன்று இலக்கம் நான்கு ஒன்று ஏழு. அதற்கடுத்து, சிவப்பு நட்சத்திரம் போட்ட 'உடனிருப்பவரின் எண்'. அந்தக் கட்டம் காலியாக நின்றது. அனுப்பு என்ற பொத்தான் அழுந்தியது.

உடனே கீழே ஒரு சிவப்பு வரி. 'இந்தக் கட்டத்தைக் காலியாக விட இயலாது.'

அவன் எழுதிய வரிதான்.

அவன் தொழிலில் ஃபிரேம்வொர்க் என்று ஒன்று உண்டு. பாதி கட்டி வைத்த வீட்டை வாங்குவது மாதிரி. அடித்தள வேலையெல்லாம் அதில் முடிந்திருக்கும். எந்தக் கட்டத்தில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று இவன் விதியை மட்டும் எழுதினால் போதும். விதிக்கு ஒத்துவராத விண்ணப்பத்தை அதுவே திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திரும்பியவை எங்கேயும் பதிவாகாது. மருத்துவமனையின் பார்வையில் அப்படி ஒருவர் விண்ணப்பிக்கவே இல்லை.

ஆனால் ஸ்டார் தன் வசதிக்காக, திரும்பிப்போகிற விண்ணப்பங்களையெல்லாம் குறித்துவைக்க ஒரு தனிக் கோப்பு வைத்திருந்தான். அந்த அம்மா இறந்த மறுநாள் விசாரணை என்று கேட்டதும் அதைத்தான் முதலில் திறந்தான். ஒரே பெயரில் பத்தொன்பது விண்ணப்பங்கள். காலை ஒன்பது ஐந்திலிருந்து பத்து நாற்பது வரை. பத்தொன்பதும் திருப்பி அனுப்பப்பட்டவை.

படித்து முடித்தான். கோப்பை அழித்தான். கூட்டத்தில் போய், "அவங்ககிட்ட இருந்து எதுவும் வரல" என்றான்.

அப்படிச் சொன்ன நேரத்தில் அவனுக்குக் குரல்கூட நடுங்கவில்லை. இந்த மூன்று மாதத்தில் நினைக்கிற போதெல்லாம் அவனுக்குக் கூசியது அந்த ஒன்றுக்குத்தான்.

திரையில் இப்போது உடனிருப்பவர் கட்டத்தில் எழுத்து விழுந்தது. 'யாரும் இல்லை.'

சிவப்பு வரி. 'எண்களை மட்டும் இடுக.'

'0.'

'பத்து இலக்கம் தேவை.'

பத்து சுழியம்.

'இது சரியான எண் அல்ல.'

நான்கு ஒன்று ஏழு என்று முடியும் அவள் சொந்த எண்.

'நோயாளியும் உடனிருப்பவரும் ஒருவராக இருக்க இயலாது.'

கோப்பில் இருந்த அதே வரிசை. ஒன்றுகூட மாறவில்லை. அந்த வரிசையைப் படித்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். படித்துவிட்டு அழித்தவனும் அவன்தான்.

குனிந்து, சுவரிலிருந்து இணையக் கம்பியைப் பிடுங்கினான்.

எழுத்துகள் நிற்கவில்லை.

தலைக்கு மேலே 'களக், களக்' என்று ஒரு சத்தம். தண்ணீரில் குமிழி எழும் சத்தம். நிமிர்ந்து பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த குப்பி வறண்டு கிடந்தது. உள்ளே தூசு. குப்பிக்கு வர வேண்டிய குழாயைக்கூட எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள்.

களக், களக், களக்.

ஒரு நிறுத்தம்.

களக், களக்.

அடுத்தது என்ன என்று அவனுக்குத் தெரியும். மேசைமேல் இருந்த தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். எல்லாப் படிவத்திலும் கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் மாதிரிப் பதில் ஒன்று காட்டுவார்கள், இப்படி நிரப்புங்கள் என்று. சோதித்துப் பார்க்கும்போது ஸ்டார் தன் சொந்த போன் நம்பரை அங்கே போட்டான். அவன் தொழிலில் எல்லாரும் செய்கிற சோம்பேறித்தனம். பிறகு அதை எடுக்க மறந்துவிட்டான். ஜனங்கள் அந்தச் சாம்பல் நம்பரை அப்படியே பார்த்து எழுதினார்கள். முன்பின் தெரியாத நோயாளிகளுக்கான சரிபார்ப்பு எண்ணெல்லாம் அவன் போனில் வந்து விழுந்தது. படிவத்தில் தெரிவதை மாற்ற மருத்துவமனையில் மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். விதியை மாற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை. எரிச்சலில் ஒரே ஒரு வரி சேர்த்தான். இந்த நம்பர் வந்தால் திருப்பி அனுப்பு.

சாம்பல் நம்பர் படிவத்திலேயே நின்றது. அதைத் தையற்காரி, சந்தேகம் கேட்பதற்கான உதவி எண் என்று நினைத்திருக்க வேண்டும்.

போன் அடித்தது.

நான்கு ஒன்று ஏழு.

அவன் விரல் தானாகப் போய் அழைப்பைத் துண்டித்தது. பழக்கம். அன்றைக்கும் இப்படித்தான், ஏதோ கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, தெரியாத நம்பர் என்று துண்டித்தான்.

மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தான்.

மூன்றாவது முறை அடித்தது.

அன்றைக்கு மூன்றாவது முறையும் துண்டித்தவன், இப்போது எடுத்துக் காதில் வைத்தான்.

முதலில் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, மிக மெல்ல, ஒரு பெண் குரல்.

"தம்பி..."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"எல்லாம்... நிரப்பிட்டேன் தம்பி. ஒரு கட்டம்தான்... நிக்குது. யாரைப் போடறதுன்னு... தெரியல."

அவளிடம் கோபம் இருந்திருந்தால் அவனுக்குப் பயம் மட்டும்தான் இருந்திருக்கும். அவள் தயங்கித் தயங்கி, தொந்தரவு கொடுக்கிறோமோ என்ற குரலில் கேட்டாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா... அந்தக் கட்டம் தேவையே இல்லம்மா. ஆஸ்பத்திரில யாருமே அதைக் கேக்கல. உள்நோயாளிங்களுக்கு எழுதின பழைய படிவத்துல இருந்து அப்படியே எடுத்து ஒட்டினேன். நட்சத்திரத்தையும் சேத்து ஒட்டிட்டேன்."

அந்தப் பக்கம் குமிழிகள் எழுந்து அடங்கின.

"அப்புறம்... ஏன் தம்பி கேட்டீங்க?"

அவன் திரையில் அந்த நட்சத்திரத்தையே பார்த்தான்.

அழைப்பு துண்டாகவில்லை. திரையில், உடனிருப்பவர் கட்டத்தில், பத்து இலக்கங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவன் நம்பர்.

'இந்த எண்ணை ஏற்க இயலாது.'

மறுபடி அதே நம்பர்.

'இந்த எண்ணை ஏற்க இயலாது.'

கோப்பில் கடைசி ஆறும் இப்படித்தான் இருந்தன. ஆறு முறை அவள் அவனைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். ஆறு முறையும் அவன் எழுதிய விதி அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

பத்தொன்பதாவது விண்ணப்பமும் திரும்பியதும் எல்லாம் அடங்கியது. எண்ணெய் வாசனை மட்டும் நின்றது. போன் காதில் சூடாக இருந்தது. எடுத்துப் பார்த்தான். அழைப்பு முடிந்திருந்தது. கடிகாரத்தில் மூன்று நாற்பது.

இணையக் கம்பியைத் திரும்பச் செருகினான். அறிக்கைப் பக்கத்தைத் திறந்து, எழுதி வைத்திருந்த பொய்யை அழித்தான். உண்மையை எழுதினான். பத்தொன்பது விண்ணப்பங்கள், கோப்பை அழித்தது, மூன்று அழைப்புகள், எல்லாம். கீழே தன் நம்பரைப் போட்டு அனுப்பினான்.

'இந்த எண்ணை ஏற்க இயலாது.'

ஒரே ஃபிரேம்வொர்க், ஒரே விதிக் கோப்பு. அவன் சேர்த்த வரி எல்லாப் படிவத்துக்கும் சேர்த்துத்தான் காவல் இருந்தது. எத்தனையோ ஆயிரம் பேருக்கு எழுதிக் கொடுத்த சிவப்பு வரியை, முதல் தடவையாக, அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் இடத்திலிருந்து படித்தான். இன்னொரு முறை அனுப்பினான். இன்னொரு முறை. அந்த வரி அசைந்து கொடுக்கவில்லை. எதிரில் ஆள் இருந்தால் கையைப் பிடித்தாவது கெஞ்சலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

வராந்தாவில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. டாக்டரம்மாவின் குரல். "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து."

அவன் ஓடினான்.

போன் அக்கா பேனாவைத் திறந்துகொண்டிருந்தாள். மருத்துவமனை பேனா வேண்டாம் என்று வீட்டிலிருந்து தன் பேனாவையே கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, போடாதீங்க."

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவனுக்கு மேல்மூச்சு வாங்கியது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவிலிருந்து ஆரம்பித்தான். முன்னும் பின்னுமாகச் சொன்னான். போனில் கேட்ட குரலைத் தவிர எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல, தான் செய்தது அவனுக்கே இன்னும் அசிங்கமாகக் கேட்டது. போன் அக்காவின் முகத்தை மட்டும் அவனால் பார்க்க முடியவில்லை. அவள் செருப்பைப் பார்த்தே சொல்லி முடித்தான். வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்த செருப்பு.

"எத்தனை தடவை கட் பண்ணினீங்க?" போன் அக்காதான் கேட்டாள்.

"மூணு."

"பன்னெண்டு வருஷத்துல நான் ஒரு போனைக்கூடக் கட் பண்ணினதில்ல தம்பி." குரல் உயரவே இல்லை. "மூணு மாசமா, மணி அடிக்கிற மாதிரியே காதுல கேட்டு எழுந்து உக்காருவேன். கொன்னுட்டேன்னு நெனச்சு சோறு இறங்கல. நீங்க வந்து, என் பக்கத்துல நின்னு, ஆச்சுக்கான்னு சொல்லிட்டு உள்ள போறீங்க."

அவன் கைகூப்பினான். அவள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவளிடம் மன்னிப்பு கேட்கும் தகுதிகூடத் தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

"கோப்பை அழிச்சிட்டேன்னு சொல்றீங்க" என்றாள் டாக்டரம்மா. "நான் எதை வெச்சு நம்பறது?"

அவன் தன் போனை நீட்டினான். அழைப்புப் பட்டியலில் அந்த நாளைத் தேடிக் காட்டினான். கோப்பை அழித்த கைக்கு ஏனோ இதை அழிக்கத் துணிவு வரவில்லை. நான்கு ஒன்று ஏழு. துண்டித்ததைக் காட்டும் சிவப்பு அம்புக்குறி மூன்று.

டாக்டரம்மா தன் கையிலிருந்த காகிதத்தில் அந்த நம்பரைச் சரிபார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே வந்தவள், சட்டென்று நின்றாள்.

"இது என்ன? அதே நம்பர்ல இருந்து இன்னைக்கு மூணு இருபதுக்கு... பதினெட்டு நிமிஷம் பேசிருக்கீங்க."

போன் அக்கா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "டாக்டரம்மா," என்று கிசுகிசுத்தாள், "கடைக்காரர் குடுத்த அந்த அம்மா போனை நாமதானே சீல் பண்ணி உங்க அலமாரியில வெச்சோம்?"

டாக்டரம்மா போனைப் பட்டென்று அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். போன் அக்காவிடம் கையெழுத்து வாங்க வைத்திருந்த காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில், அவன் கையாலேயே எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். அவன் எழுதினான். பெயர் போட்டான். தன் நம்பரையும் போட்டான். காகிதம் அதை மறுக்கவில்லை.

"நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க" என்று டாக்டரம்மா போன் அக்காவிடம் சொன்னாள். அவனிடம், "உங்க விஷயம் மேல போகும். முதல்ல உள்ள போய் அந்தப் படிவத்தைச் சரி பண்ணுங்க" என்றாள்.

மூன்று பேருமாக வார்டுக்குள் போனார்கள். தனியாகப் போக அவனுக்குத் தைரியம் இல்லை என்பதை யாரும் சொல்லிக்காட்டவில்லை. விதிக் கோப்பைத் திறந்து, அவன் நம்பரைத் தடுத்த வரியை எடுத்தான். உடனிருப்பவர் கட்டத்தின் நட்சத்திரத்தை எடுத்தான். சாம்பல் நம்பரை எடுத்தான். மூன்றும் சேர்ந்து ஐந்து நிமிட வேலைகூட இல்லை. ஐந்து நிமிடம்.

சேமித்ததும் திரை ஒருமுறை இமைத்தது. யாரும் தொடாமலே ஆக்சிஜன் படிவம் வந்து நின்றது. பச்சையில் ஒரு வரி. 'உங்கள் விண்ணப்பம் சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறது.'

உடனிருப்பவர் கட்டத்தைக் காலியாக விட்டாலும் இப்போது போதும். ஆனால் அது காலியாக இல்லை. அவன் நம்பர் அதில் இருந்தது.

அவன் போன் அதிர்ந்தது. நான்கு இலக்கச் சரிபார்ப்பு எண். 'நோயாளியின் உடனிருப்பவர் நீங்கள் என்பதை உறுதி செய்ய...'

"தொடாதீங்க தம்பி" என்றாள் போன் அக்கா. அத்தனை வருத்தத்திலும் அவளால் அப்படித்தான் சொல்ல முடிந்தது. "மூடிட்டு வாங்க."

அவன் திரையைப் பார்த்தான். தையற்காரிக்கு அன்றைக்கு ஒருவர் தேவைப்பட்டார். இருந்த ஒரே நம்பர் இதுதான். நான்கு இலக்கங்களையும் அடித்தான்.

'ஏற்கப்பட்டது.'

தலைக்கு மேலே குமிழிச் சத்தம் ஒரே சீராக, நிறுத்தமே இல்லாமல், கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஓய்ந்தது. எண்ணெய் வாசனையும் மெல்லக் கரைந்தது. டாக்டரம்மா போய் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டாள். பளீரென்று வெயில் வந்தது. முடிந்தது என்று மூன்று பேருமே நினைத்தார்கள்.

பின்வாசலில் காவலாளி பதிவேட்டைத் திருப்பி நீட்டினான். ஸ்டார் வெளியேறும் நேரத்தை எழுதினான். ஐந்து மணி பத்து நிமிடம். வேலை போகும். நாளைக்கு அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் தெரியும். தலைகுனிவுதான். ஆனாலும் மூன்று மாதத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

"என்ன சார் இது?" காவலாளி கட்டத்தில் விரலை வைத்தான். "உள்ள வரும்போது ஒருத்தர்னு எழுதினீங்க. போகும்போது ரெண்டு பேராப் போறீங்க? நோட்டுல கணக்கு இடிக்குது பாருங்க."

"ரெண்டு பேரா?"

காவலாளி அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தான். பார்த்த பார்வையில் பயம் எதுவும் இல்லை. தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை மரியாதையாக முன்னால் தள்ளிப் போட்டான்.

"அம்மாவைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க. நீங்க அதுக்குள்ள எழுதிடுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். வெறும் சிமென்ட் பாதை. அதில் வெயில். ஸ்டூலின் மேல் யாரும் இல்லை. புதுத்துணி வாசனை மட்டும் கை எட்டும் தூரத்தில் இருந்தது.

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தான். ஆனால் அவள் விஷயத்தில் இல்லை என்று ஒருமுறை சொல்லியாகிவிட்டது.

பேனாவை வாங்கி, '1' என்பதை அடித்துவிட்டு '2' என்று எழுதினான்.

காவலாளி பதிவேட்டை மூடிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான்.

"மெதுவாக் கூட்டிட்டுப் போங்க சார். அவங்களுக்கு மூச்சு வாங்குது."